கம்பனி வாகனமும் வேலைத்தளமே

பரந்தனிலிருந்து புதுக்குடியிருப்புக்குப் போகும் வீதியில் ஒரு காலை வேளை நின்று பார்த்தால், வன்னியின் தொழில்கள் எல்லாம் சக்கரத்தில் போவது தெரியும். ஆடைத் தொழிற்சாலைக்குப் பெண்களை ஏற்றிச் செல்லும் பஸ், பால் சேகரிக்கும் பட்டா வாகனம், நெல் மூட்டை அடுக்கிய லொறி, கிரவல் ஏற்றிய டிப்பர், கடன் தவணை வசூலிக்கப் புறப்பட்ட உத்தியோகத்தரின் மோட்டார் சைக்கிள், கண்ணிவெடி அகற்றும் நிறுவனத்தின் ஜீப். இவற்றை ஓட்டுகிறவர்கள் எல்லோரும் அந்த நேரத்தில் வேலையில் இருக்கிறார்கள். நெல் ஆலைக்குள் நிற்பவர் எப்படி வேலையில் இருக்கிறாரோ, அப்படித்தான்.

ஆலைக்குள் ஓடும் பட்டிக்கு மூடி போட வேண்டும், மின்கம்பி வெளியே தெரியக்கூடாது என்பதெல்லாம் முதலாளிக்கு விளங்குகிறது. ஆனால் அதே ஆலையின் லொறி படலையைத் தாண்டியதும், இனி நடப்பது சாரதியின் பாடு என்று விட்டுவிடுகிறோம். விபத்து நடந்தால் அலுவலகத்தில் எழும் முதல் கேள்வி, "யார் ஓட்டியது?" என்பது. "யார், எத்தனை மணிக்கு, எதற்காக அனுப்பியது?" என்று கேட்பவர்கள் குறைவு. நிறுவன வாகனங்களின் பாதுகாப்பு என்று உலகெங்கும் பேசப்படும் விடயம் முழுவதும் அந்த இரண்டாவது கேள்வியைச் சுற்றியே இருக்கிறது.

முதலில், ஒரு நிறுவனத்தின் வேலைக்காக ஓடும் வாகனங்களைச் சேர்த்து வாகனத் தொகுதி என்கிறார்கள். எதை அப்படிச் சொல்வது? ஐம்பது லொறி வைத்திருக்கும் கொழும்புக் கம்பனிக்குரிய சொல் என்று நினைக்க வேண்டாம். இரண்டு கன்டர் லொறியும் ஓர் உழவு இயந்திரமும் வைத்திருக்கும் ஆலைக்கும் வாகனத் தொகுதி உண்டு. ஒரு வாகனம்கூடச் சொந்தமாக இல்லாமல், ஊழியர்களின் சொந்த மோட்டார் சைக்கிளுக்கு எரிபொருள் கொடுப்பனவு மட்டும் கொடுக்கும் நிறுவனத்துக்கும் உண்டு. வாகனத்தின் உரிமைப் புத்தகத்தில் யாருடைய பெயர் இருக்கிறது என்பதைவிட, அது எந்த வேலைக்காக ஓடுகிறது என்பதே இங்கு கணக்கு.

இந்தத் துறையில் சர்வதேச நியமமும் ஒன்று உள்ளது: 2012 இல் வெளியான ஐஎஸ்ஓ 39001. வீதிப் பாதுகாப்பை ஒரு நிறுவனம் எப்படி முகாமை செய்ய வேண்டும் என்று அது வகுக்கிறது. கிளிநொச்சியில் பத்து ஊழியருடன் தொழில் நடத்துகிறவர் அதற்குச் சான்றிதழ் வாங்க ஓடத் தேவையில்லை. அதன் அடிப்படை எண்ணம் மட்டும் போதும். விபத்தைச் சாரதியின் குணத்தில் தேடுவதற்கு முன்னர் நேரசூசியில், சம்பள முறையில், பராமரிப்பில், பாதைத் தெரிவில் தேட வேண்டும்.

தூக்கம் என்ற பெரிய பகுதி

முல்லைத்தீவிலிருந்து பேலியகொடை மீன் சந்தைக்குப் போகும் ஒரு கூலர் லொறியை எடுத்துக்கொள்வோம். சாரதி காலை 6 மணிக்கு எழும்புகிறார். பகலில் வாடிகளில் மீன் சேர்ப்பது, ஐஸ் அடிப்பது, பெட்டி ஏற்றுவது என எல்லாவற்றிலும் அவரும் கை கொடுக்கிறார். இரவு 7 மணிக்கு வண்டி புறப்படுகிறது. மாங்குளத்தில் ஏ9 வீதிக்கு ஏறி, வவுனியா கடந்து, அநுராதபுரம் பக்கம் போய்ச் சேரும்போது இரவு 11 மணி ஆகும். அவர் விழித்து 17 மணி நேரம் ஆகிவிட்டது.

இந்த 17 என்ற எண்ணை நான் சும்மா எடுக்கவில்லை. 17 மணி நேரம் தொடர்ந்து விழித்திருப்பவரின் கவனமும் கையின் வேகமும், இரத்தத்தில் 0.05 சதவீத மதுசாரம் உள்ளவரின் நிலைக்கு இறங்கிவிடுகின்றன என்று 1990களின் இறுதியில் அவுஸ்திரேலியாவில் செய்யப்பட்ட ஆய்வுகள் காட்டின. 24 மணி நேரம் ஆகும்போது அது 0.10 ஐ எட்டுகிறது. இலங்கையில் வாகனம் ஓட்டுவதற்கான சட்ட எல்லை 0.08. ஆக, அந்தக் கூலர் லொறி பேலியகொடையில் மீனை இறக்கிவிட்டு, ஓய்வில்லாமல் காலையிலேயே முல்லைத்தீவு திரும்ப வெளிக்கிட்டால், ஒரு துளி குடிக்காத சாரதி குடிகாரரின் நிலையில் ஓட்டுகிறார். பொலிஸார் மறித்துப் பலூன் ஊதச் சொன்னாலும் ஒன்றும் தெரியாது. தூக்கத்தைக் காட்டும் பலூன் இன்னும் வரவில்லை.

மனித உடலுக்கு இரண்டு பலவீனமான நேரங்கள் உண்டு. ஒன்று அதிகாலை 2 மணி முதல் 6 மணி வரை. மற்றது பிற்பகல் 2 மணி முதல் 4 மணி வரை. மதியச் சோறு சாப்பிட்டபின் வன்னி வெயிலில் ஓட்டியவர்களுக்கு இரண்டாவதை விளக்கத் தேவையில்லை. சாரதி எவ்வளவு கெட்டிக்காரர், எத்தனை வருட அனுபவம் உள்ளவர் என்பதை உடல் பார்ப்பதில்லை. பாட்டைச் சத்தமாகப் போடுவது, வெற்றிலை மெல்லுவது, முகத்தைக் கழுவுவது எல்லாம் சிறிது நேரத்துக்கு விழித்திருப்பது போன்ற உணர்வைத் தரும். தூக்கத்துக்கு மருந்து தூக்கம்தான்.

இதற்கு நிறுவனம் என்ன விதி வைக்கலாம்? ஐரோப்பிய ஒன்றியத்தில் கனரக வாகனச் சாரதி தொடர்ந்து நாலரை மணி நேரத்துக்கு மேல் ஓட்டக்கூடாது. அதன்பின் 45 நிமிட ஓய்வு கட்டாயம். ஒரு நாளில் பொதுவாக ஓட்டக்கூடிய மொத்த நேரம் 9 மணி. இந்த எல்லையை எந்த நிறுவனமும் தன் உள் விதியாக எடுத்துக்கொள்ளலாம். என் கருத்தில் எங்கள் பக்கத்துக்கு இன்னொன்றும் சேர்க்க வேண்டும். ஓட்டும் நேரத்தை மட்டும் எண்ணாமல், ஏற்றி இறக்கும் நேரத்தையும் வேலை நேரமாக எண்ண வேண்டும். எங்கள் சாரதிகளைக் களைக்க வைப்பதில் ஸ்டியரிங்குக்குச் சமமாக மூட்டைக்கும் பங்கு உண்டு.

மேலே சொன்ன லொறிக்கு நடைமுறைத் தீர்வுகள் இரண்டு. ஒன்று, பகலில் மீன் சேர்ப்பவர் வேறு, இரவில் ஓட்டுபவர் வேறு. ஓட்டுபவர் பகல் முழுவதும் வீட்டில் தூங்கியிருக்க வேண்டும். மற்றது, இரண்டு சாரதிகளை அனுப்புவது. இரண்டுக்கும் செலவு உண்டு, அதை மறைக்க முடியாது. அந்தச் செலவைக் கணக்கில் சேர்த்தபின் மீன் வியாபாரத்தில் இலாபம் இல்லை என்றால், இதுவரை கண்ட இலாபம் சாரதியின் தூக்கத்தில் இருந்து வந்தது என்று பொருள்.

ஏ9 இல் ஓடுகிறவர்களுக்கு ஓர் ஓய்வுப் பழக்கம் ஏற்கனவே இருக்கிறது. முறிகண்டிப் பிள்ளையாரடியில் நிறுத்தாமல் போகும் வண்டி அரிது. இறங்கி, கற்பூரம் கொளுத்தி, தேங்காய் உடைத்து, கச்சான் வாங்கிக்கொண்டு ஏறுவதற்குள் காலும் கண்ணும் கொஞ்சம் ஆறிவிடும். அங்கே 15 நிமிடம் நிற்பதைப் பயணத் திட்டத்திலேயே எழுதிவிடுங்கள். எழுதாவிட்டால் ஒரு நாள் அவசரத்தில் வீதியில் இருந்தபடியே கும்பிட்டுவிட்டுப் போவார்கள்.

வேகத்தை நிர்ணயிப்பது யார்?

இலங்கையில் ஊர்மனைப் பகுதிகளில் பொதுவான வேக எல்லை மணிக்கு 50 கிலோமீற்றர். அதற்கு வெளியே கார், வான் போன்றவற்றுக்கு 70. முச்சக்கரவண்டிக்கு 40. இவை சட்டம் சொல்லும் உச்ச எல்லைகள். அந்த வேகத்தில் போனால் ஆபத்தில்லை என்று சட்டம் எங்கும் சொல்லவில்லை.

காபட் போட்ட ஏ9, ஓமந்தைக்கு வடக்கே கண்ணுக்கு எட்டிய தூரம் நேராகக் கிடக்கிறது. இரவில் அந்த நேர்கோடுதான் எமன். பகல் வெயிலை வாங்கிய தார் இரவிலும் இளஞ்சூடாக இருப்பதால் கட்டாக்காலி மாடுகள் வந்து படுத்துக்கொள்கின்றன. எதிரே வாகனம் வரும்போது வெளிச்சத்தைத் தாழ்த்த வேண்டும். தாழ்ந்த வெளிச்சத்தில் சுமார் 40 மீற்றருக்கு அப்பால் கறுத்த மாடு தெரியாது. இப்போது கணக்கைப் பார்க்கலாம். நல்ல பிரேக் உள்ள கார், காய்ந்த வீதி, மாட்டைக் கண்டு காலைப் பிரேக்கில் வைக்க ஒன்றரைச் செக்கன் என்று வைத்துக்கொண்டால், 70 இல் போகும் கார் நிற்க ஏறத்தாழ 57 மீற்றர் வேண்டும். 50 இல் போனால் 35 மீற்றர் போதும். 50 இல் வந்தவர் மாட்டுக்கு முன்னால் நிற்கிறார். 70 இல் வந்தவர் மாட்டை அடையும்போதும் அவருடைய வேகம் 50 ஐவிடக் குறையவில்லை. நெல் ஏற்றிய லொறிக்கு இந்தத் தூரங்கள் இன்னும் நீளும். மழை பெய்தால் அதிலும் நீளும்.

இந்தக் கணக்கை ஒவ்வொரு சாரதிக்கும் கரும்பலகையில் போட்டுக் காட்டலாம், அதில் தவறில்லை. ஆனால் அதே நாள் மாலை, "தம்பி, எட்டு மணிக்குள் வவுனியா ஸ்டோரை மூடிவிடுவார்கள், பார்த்து வா" என்று முதலாளி சொன்னால் கரும்பலகை அழிந்துவிடும். அதனால் வேக விதி முதலில் அலுவலக மேசையில் இருக்க வேண்டும். இரவுப் பயணத்தின் நேரத்தைக் கணக்கிடும்போது சராசரி வேகத்தைக் குறைத்து எடுங்கள். தொலைபேசி வரைபடம் காட்டும் நேரத்துக்கு மாடும் தெரியாது, யானையும் தெரியாது. தாமதமானால் கண்டிப்பு இல்லை என்பதை எழுத்தில் கொடுங்கள். அனுப்பும் நேரத்தைப் பின்னுக்குத் தள்ளிவிட்டு வந்துசேரும் நேரத்தை மட்டும் அப்படியே பிடித்துக்கொண்டிருக்கும் அலுவலகம், வேகமாக ஓட்டு என்று வாயால் சொல்லாமல் சொல்கிறது.

டிப்பர் விவகாரம் இதைவிட வெளிப்படையானது. ஒரு நாளைக்கு எத்தனை லோட் என்று பார்த்துக் கூலி கொடுத்தால், ஒவ்வொரு நிமிடமும் சாரதியின் பணம் ஆகிவிடுகிறது. பாடசாலை விடும் நேரத்தில் ஊருக்குள் பறக்கும் டிப்பரைப் பார்த்துச் சாரதியைத் திட்டுகிறோம். திட்டுக்கு உரியவர் அந்தக் கூலி முறையை வகுத்தவரும்தான். மாதச் சம்பளமும், விபத்தும் முறைப்பாடும் இல்லாத மாதத்துக்கு ஒரு மேலதிகத் தொகையும் என்று மாற்றினால் வேகம் தானாக இறங்கும். வேகத்துக்குக் காசு கொடுத்துக்கொண்டு பின்கண்ணாடியில் "மெதுவாகச் செல்" என்று ஒட்டுவதில் எனக்கு நம்பிக்கை இல்லை.

தொலைபேசியிலும் கதை அதேதான். ஓட்டும்போது தொலைபேசி பயன்படுத்துபவர் விபத்துக்குள்ளாகும் வாய்ப்பு ஏறத்தாழ நான்கு மடங்கு என்று உலக சுகாதார அமைப்பு சொல்கிறது. காதில் மாட்டிப் பேசினாலும் கையில் பிடித்துப் பேசினாலும் மனம் போவது ஒரே இடத்துக்குத்தான். சாரதிக்கு அழைப்பது யார் என்று ஒரு கிழமை குறித்துப் பாருங்கள். பெரும்பாலும் அலுவலகமே. "எங்கே நிற்கிறாய்?" என்ற கேள்விக்காக ஒரு மனிதன் கண்ணை வீதியில் இருந்து எடுக்க வேண்டியிருக்கிறது. ஆகவே விதியை இப்படி எழுதலாம்: ஓட்டத்தில் இருக்கும் சாரதிக்கு அலுவலகத்தில் இருந்து யாரும் அழைக்கக்கூடாது, சாரதி நிறுத்தும் இடத்தில் இருந்து அவரே அழைப்பார்.

யார் ஓட்டலாம்?

இது சுருக்கமாக முடியும் பகுதி, ஆனால் அதிகமாகத் தவறவிடப்படும் பகுதியும் இதுதான். எல்லாச் சாரதி அனுமதிப்பத்திரமும் எல்லா வாகனத்துக்கும் செல்லாது. காருக்கு ஒரு வகுப்பு, லொறிக்கு வேறு, பஸ்ஸுக்கு வேறு, முச்சக்கரவண்டிக்கு வேறு, நான்கு சக்கர உழவு இயந்திரத்துக்கு வேறு, லான்மாஸ்டர் என்ற இரு சக்கர உழவு இயந்திரத்துக்கு வேறு. "அவன் நன்றாக ஓட்டுவான்" என்பது வகுப்பு ஆகாது. விபத்து நடந்த பிறகு அனுமதிப்பத்திரத்தில் அந்த வகுப்பு இல்லை என்று தெரியவந்தால், காப்புறுதி நிறுவனம் நட்டஈட்டை மறுக்கக் காரணம் கிடைத்துவிடும். ஒவ்வொரு சாரதியின் அனுமதிப்பத்திரப் பிரதியையும், காலாவதித் திகதியையும், வாகனத்தின் வருமான அனுமதிப்பத்திரம், காப்புறுதி, புகைப் பரிசோதனைச் சான்று ஆகியவற்றின் திகதிகளையும் ஒரே தாளில் எழுதிச் சுவரில் ஒட்டுங்கள். கணினி தேவையில்லை.

புதிதாகச் சேரும் சாரதியை, அனுமதிப்பத்திரம் இருந்தாலும், ஓர் அனுபவசாலி பக்கத்தில் இருந்து பார்த்த பிறகே தனியே அனுப்ப வேண்டும். வெறும் வண்டியில் பார்த்தால் போதாது. சுமை ஏற்றிய வண்டியில் பார்க்க வேண்டும்.

காலையில் ஐந்து நிமிடம்

வாகன இறக்குமதி 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்டு, 2025 தொடக்கத்தில்தான் பொதுவாக மீண்டும் திறந்துவிடப்பட்டது. அதனால் இன்று வன்னியில் தொழில் செய்யும் பல வாகனங்கள் முதியவை. 2022 நெருக்கடிக் காலத்தில் உதிரிப்பாகம் கிடைக்காமல் ஒட்டுப்போட்டு ஓடியவையும் அவற்றில் உண்டு. பழைய வாகனம் என்பதாலேயே அது ஆபத்தானதாகிவிடாது. பார்க்காமல் விட்ட பழைய வாகனம் ஆபத்தானது.

புறப்படும் முன் சாரதி சுற்றி வந்து பார்க்க வேண்டியவை அதிகம் இல்லை: ரயர்களின் காற்றும் தேய்வும், சக்கர நட்டுகள், பிரேக், முன் பின் விளக்குகள், சமிக்ஞை விளக்குகள், கண்ணாடிகள், ஹோர்ன், எண்ணெய், தண்ணீர், துடைப்பான், ஆசனப்பட்டி, சுமையைக் கட்டிய கயிறு. உச்சி வெயிலில் காற்றுக் குறைந்த ரயர் சூடேறி வெடிப்பது எங்கள் பக்கத்தில் புதினமல்ல. அதிலும் மேலோடு மட்டும் புதுப்பித்த ரயரை முன் சக்கரத்தில் போடுவது சூதாட்டம்.

இப்படியொரு சரிபார்ப்புப் புத்தகம் பல நிறுவனங்களில் இருக்கிறது. புரட்டிப் பாருங்கள். எல்லாப் பெட்டியிலும் சரி அடையாளம், மாதம் முழுவதும், ஒரே பேனாவால். சாரதி பொய்யர் என்று இதற்குப் பொருள் இல்லை. முன்னொரு நாள் அவர் "இடது பிரேக் இழுக்கிறது" என்று எழுதியிருப்பார்; யாரும் கேட்டிருக்க மாட்டார்கள்; அதே வண்டியை மறுநாளும் எடுக்கச் சொல்லியிருப்பார்கள். எழுதிப் பயனில்லை என்று தெரிந்த மனிதன் வேறென்ன செய்வான்? ஆகவே புத்தகத்தில் இரண்டாவது நிரல் ஒன்று வேண்டும். குறையை யார் பார்த்தார், என்ன செய்தார், எப்போது செய்தார் என்று அதில் முகாமையாளர் கையொப்பமிட வேண்டும். பிரேக், ஸ்டியரிங், ரயர், விளக்கு ஆகிய நான்கில் குறை இருந்தால் வண்டி நகரக்கூடாது என்பதும், நகர்த்த மறுத்த சாரதிக்குச் சம்பளம் வெட்டப்படாது என்பதும் எழுத்தில் இருக்க வேண்டும். இந்தக் கடைசி வரி இல்லாவிட்டால் மற்றவை காகிதம்தான்.

எங்கள் வீதிகளுக்கென்றே சில

பிற நாட்டுக் கையேடுகளில் பனிக்கட்டி பற்றிப் பக்கம் பக்கமாக இருக்கும். எங்களுக்கு வேண்டியது வேறு.

மாரி. வடகீழ்ப் பருவமழை உச்சத்தில் இருக்கும் நவம்பர், டிசெம்பரில் குளங்கள் வான் பாயும். இரணைமடுவின் கதவுகள் திறக்கப்படும். தாழ்ந்த பாலங்களுக்கு மேலாகத் தண்ணீர் ஓடும். ஓடும் தண்ணீர் ஓரடி இருந்தால் சிறிய காரைத் தூக்கிவிடும். இரண்டடி இருந்தால் பெரும்பாலான வாகனங்களை இழுத்துவிடும். லொறி உயரமானது, போகலாம் என்ற துணிச்சலுக்கு இங்கே இடமில்லை. தண்ணீருக்கு அடியில் வீதி இன்னும் இருக்கிறதா என்பதே தெரியாது. வீதியின் மேல் தண்ணீர் ஓடினால் திரும்பி வரலாம், கேள்வி கேட்கப்படாது என்பதை மழைக்கு முன்பே அறிவித்துவிடுங்கள். அனர்த்த முகாமைத்துவ நிலையத்தின் 117 என்ற எண் வண்டிக்குள் எழுதப்பட்டிருக்கட்டும்.

அறுவடை. காலபோக நெல் வெட்டும் மாதங்களில் வீதியின் பாதியில் நெல் காயும். அறுவடை இயந்திரம் ஏற்றிய நீளமான வாகனங்கள் ஊர்ந்து போகும். பின் விளக்கே இல்லாத உழவு இயந்திரப் பெட்டி இருட்டில் திடீரென முளைக்கும். உங்கள் நிறுவனத்துக்கு உழவு இயந்திரம் இருந்தால், பெட்டியின் பின்புறமும் பக்கங்களும் ஒளி தெறிக்கும் பட்டி ஒட்டுவதைவிட மலிவான உயிர்காப்பு வேறில்லை. அதே பெட்டியில் கூலியாட்களை ஏற்றி வயலுக்குக் கொண்டுபோவது ஊர் வழக்கம். வழக்கமாக இருப்பதால் அது பாதுகாப்பாகிவிடவில்லை. மூட்டைக்கு மேல் ஆட்கள் உட்கார்ந்து வருவதும் அப்படியே.

புகையிரதப் பாதை. ஓமந்தையிலிருந்து கிளிநொச்சி வரையான பாதை 2013 செப்டெம்பரில் மீண்டும் திறக்கப்பட்டது. ஏ9 வீதிக்குப் பக்கமாகவே பாதை ஓடுவதால், உள்ளூர் வீதிகள் பல அதைக் குறுக்கறுக்கின்றன. ஒரு தலைமுறை புகையிரதம் இல்லாமலே அந்தக் கடவைகளில் நடந்து பழகியிருந்தது. ஊழியர்களை ஏற்றும் பஸ்ஸுக்கு ஒரே விதி: கதவு இருந்தாலும் இல்லாவிட்டாலும், சமிக்ஞை எரிந்தாலும் எரியாவிட்டாலும், முற்றாக நிறுத்தி, பாட்டை அணைத்து, யன்னலைத் திறந்து, இரு பக்கமும் பார்த்த பின்னரே கடப்பது.

நெடுங்கேணி, ஒட்டுசுட்டான் பக்கக் காட்டு வீதிகளில் யானைக்காக, பொழுதுபட்ட பின் போகாமல் இருப்பதே விதி. போயே ஆக வேண்டுமென்றால் தனியே போகாமல் இருப்பது. யானையைக் கண்டால் ஹோர்ன் அடிப்பதும் வெளிச்சத்தை மின்னுவதும் கூடாது. கண்ணிவெடி அகற்றல் முடியாத பகுதிகளில், மண்டையோட்டுச் சிவப்பு அடையாளம் இருக்கும் பக்கம், வண்டியை வீதியை விட்டு இறக்கக்கூடாது, இயற்கைக் கடனுக்காகக்கூட. இதை எங்கள் சாரதிகளுக்குச் சொல்லிக்கொடுக்கத் தேவையில்லை. தெற்கிலிருந்து புதிதாக வருபவருக்குச் சொல்லத்தான் வேண்டும்.

மோட்டார் சைக்கிளும் முற்றமும்

நிறுவனங்கள் தம் வாகனங்களை எண்ணும்போது மோட்டார் சைக்கிளை மறந்துவிடுகின்றன. ஆனால் வெளிக்கள உத்தியோகத்தர்களில் அதிகம் அடிபடக்கூடியவர் அதில் போகிறவரே. அவரைச் சுற்றி இரும்புக் கூடு இல்லை. தலைக்கவசத்தை நிறுவனமே வாங்கிக் கொடுக்க வேண்டும். நாடிப் பட்டியைப் பூட்டாத தலைக்கவசம் விழும்போது முதலில் கழன்று போகும். கோப்புப் பையைக் கைப்பிடியில் தொங்கவிடக்கூடாது. எல்லாவற்றையும்விட, ஒரு நாளைக்கு இத்தனை வீடு, இத்தனை மணிக்குள் இவ்வளவு வசூல் என்ற இலக்கை நிர்ணயிப்பவர் அந்தக் கிரவல் வீதிகளில் ஒரு தடவையாவது அதே நேரத்தில் போய்ப் பார்த்திருக்க வேண்டும்.

அடுத்தது நிறுவனத்தின் சொந்த முற்றம். விபத்து என்றால் நெடுஞ்சாலைதான் நினைவுக்கு வரும். ஆனால் லொறியைப் பின்னுக்கு எடுக்கும்போது நசுங்கும் கால்கள் ஆலை முற்றத்தில்தான் நசுங்குகின்றன. பின்னால் நின்று "வா, வா" என்று மூன்று பேர் கத்துவது உதவியல்ல. ஒருவர் மட்டும், சாரதியின் கண்ணாடியில் தெரியும் இடத்தில் நின்று, கையால் காட்ட வேண்டும். அவர் கண்ணாடியில் மறைந்த அந்த நொடியே சாரதி நிறுத்த வேண்டும். மாலையில் வண்டியை நிறுத்தும்போதே வாசலைப் பார்க்க நிறுத்திவிட்டால், மறுநாள் காலை அவசரத்தில் பின்னுக்கு எடுக்கும் வேலையே இல்லை.

அடிபட்ட பிறகு

முன் ஆசனத்தில் ஆசனப்பட்டி 2011 முதல் சட்டப்படி கட்டாயம். முன் ஆசனத்தில் இருப்பவர் இறக்கும் வாய்ப்பை அது ஏறத்தாழப் பாதியாகக் குறைக்கக்கூடியது. அதையும் மீறி ஏதும் நடந்தால் சாரதி செய்ய வேண்டியது ஒரு அட்டையில் எழுதி வண்டிக்குள் இருக்க வேண்டும்: வண்டியை நிறுத்து, அபாய விளக்கைப் போடு, 1990 க்கு அழைத்து இலவச அம்புலன்ஸ் கேள், 119 க்கு அழைத்துப் பொலிஸுக்குச் சொல், பிறகு அலுவலகத்துக்கு. அலுவலகம் கடைசியில் வருவதைக் கவனியுங்கள். முதலாளிக்கு அழைத்து என்ன செய்வது என்று கேட்டுக்கொண்டு நிற்கும் பத்து நிமிடத்தில் ஓர் உயிர் போகலாம். மாங்குளம்–முல்லைத்தீவு வீதி ஏறத்தாழ 50 கிலோமீற்றர். இடையில் எந்த இடத்தில் நிற்கிறோம் என்று சொல்லத் தெரிந்தால்தான் அம்புலன்ஸ் வந்து சேரும். பாதையில் உள்ள சந்திகள், கோயில்கள், பாடசாலைகளின் பெயர்கள் அதே அட்டையில் இருக்கட்டும்.

சட்டத்தில் இரண்டை அறிந்திருந்தால் தொடக்கத்துக்குப் போதும். வீதியில் ஓடுவதற்கு 1951 ஆம் ஆண்டின் மோட்டார் வாகனச் சட்டம். வேலையில் அடிபட்ட ஊழியருக்கான நட்டஈட்டுக்கு 1934 ஆம் ஆண்டின் தொழிலாளர் நட்டஈட்டுக் கட்டளைச் சட்டம். பின்னதில் 2022 இல் செய்த திருத்தம், வேலைக்கு வரும் வழியிலும் வீடு திரும்பும் வழியிலும் நேரும் விபத்துகளையும் உள்ளே கொண்டுவந்தது. ஊழியர் பஸ் நடத்தும் நிறுவனங்கள் இதை ஆறுதலாக இருந்து வாசிக்க வேண்டும்.

விபத்து நடந்தபின் விசாரிப்பது எல்லோரும் செய்வது. அடிபடாமல் தப்பியதையும் எழுதி வைப்பதே இந்தத் துறையின் சாரம். "இன்று விடியப்புறம் கனகராயன்குளத்தில் மாடு குறுக்கே வந்தது, மயிரிழையில் தப்பினேன்" என்று சாரதி எழுதினால் அவரைக் குற்றம் சாட்டக்கூடாது. வேறு இருவரும் அதே இடத்தை எழுதியிருந்தால், அந்த வழியில் வண்டி புறப்படும் நேரத்தை மாற்றுவது முகாமையாளரின் வேலை. வண்டியில் ஜிபிஎஸ் பூட்டியிருந்தால் அதன் தரவையும் இதற்கே பயன்படுத்த வேண்டும். அதைத் தண்டிப்பதற்கு மட்டும் பயன்படுத்தும் நிறுவனத்தில் கருவி அடிக்கடி "பழுதாகும்".

கடைசியாக, வாடகை வாகனம். அறுவடைக் காலத்தில் சொந்த லொறி போதாமல் வெளி லொறி பிடிப்பார்கள். ஊழியர் பஸ் பல இடங்களில் ஒப்பந்தத்துக்கு ஓடுகிறது. வண்டி எங்களுடையதல்ல, சாரதி எங்களுடையவரல்ல, எனவே பொறுப்பும் எங்களுடையதல்ல என்பது வசதியான வாதம். அந்த பஸ்ஸில் இருப்பது உங்கள் ஊழியர்கள். ஒப்பந்தத்தில் வாடகைத் தொகைக்கு அடுத்த வரியிலேயே சாரதியின் ஓய்வு நேரம், அனுமதிப்பத்திர வகுப்பு, காலைச் சரிபார்ப்பு, ஏற்றக்கூடிய ஆட்களின் எண்ணிக்கை ஆகியவற்றை எழுதுங்கள். மிகக் குறைந்த வாடகை கேட்டவரிடம் கையொப்பம் வாங்குவதற்கு முன், அந்தத் தொகைக்குள் ரயரும் ஓய்வும் எப்படி அடங்குகின்றன என்று அவரிடமே கேட்டுவிடுங்கள்.